உப்புக் கரித்த பஸ்பூஸா

அத்தியாயம் 6

பஸ்பூஸா இனிக்க வேண்டும். கெய்ரோவில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் சுவடி நூலகத்தின் டீ அறையில் ஷெஹாத்தா வாயில் போட்டுக்கொண்ட துண்டு உப்புக் கரித்தது.

"சாச்சா, இது பஸ்பூஸாவா, உப்பு மீனா?"

டீ போட்டுக்கொண்டிருந்த பய்யூமி திரும்பி முறைத்தார். அந்த நூலகத்தில் யார் மாறினாலும் மாறாத மனிதர் அவர். உடைந்த நாற்காலி, பழைய ஜன்னல், காலி டப்பா என்று எது வெளியே போனாலும் முதலில் அவர் கை வழியாகத்தான் போகும். பாதி அங்கேயே தங்கிவிடும்.

"என் பொண்டாட்டி கையால கிண்டின ரவைடா அது. வாய்க்கொழுப்பா உனக்கு?"

"அப்போ வீட்டுல ஏதாவது சண்டையா சாச்சா? கோபத்துல சர்க்கரை டப்பாவுக்குப் பதிலா..."

"ஓசியில தின்னுட்டு விசாரணை வேறயா! எந்திரி, எந்திரி. உங்க மேடம் கூப்பிடறாங்க பாரு."

ஷெஹாத்தா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினான். வக்கீல் இன்ஷிரா இரண்டாவது முறை கூப்பிடுகிற வழக்கம் இல்லை. வக்கீல் என்று பலகையில் போட்டிருந்தாலும் அவர் பிழைப்பு துப்பறிவதில்தான் ஓடியது. ஷெஹாத்தாவின் பழைய பிழைப்பு இன்னும் கௌரவமானது. பிரமிடு வாசலில் வெள்ளைக்காரர்களிடம் வாழைப்பட்டையைக் காயவைத்து, ராணி படம் போட்டு, பழங்கால நாணல் தாளான பாப்பிரஸ் என்று சத்தியம் செய்து விற்றுக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்துக் கொடுத்ததும் இன்ஷிராதான், ஜாமீனில் எடுத்ததும் இன்ஷிராதான்.

சுவடி அறையில் மூன்று பேர் நின்றார்கள். மேஜையில், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, கை நீளப் பாப்பிரஸ் சுவடி ஒன்று கிடந்தது.

முதல் ஆள் டாக்டர் ஃபாயிக் ஸப்ரி, சுவடிப் பிரிவின் தலைவர். யாரோடு பேசினாலும் அவர் தலைக்கு மேலே ஏதோ வகுப்பறை இருப்பது போல அங்கேயே பார்த்துப் பேசுவார். இரண்டாவது ஆள் ஜெனரல் ரஸ்லான். ராணுவத்தில் ஓய்வு பெற்றதும் இந்த நூலகத்தை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். வந்த முதல் வாரமே புத்தகங்களை உயர வாரியாக அடுக்கச் சொன்ன புண்ணியவான். மூன்றாவது ஆள் விதாத். கிழிந்த சுவடிகளை ஒட்டிப் பிழைக்க வைப்பது அவர் வேலை. இன்று அவர்தான் திருடி.

"மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் போலீஸ் வண்டி வந்துடும்," என்றார் ஜெனரல். "வக்கீலம்மா, உங்க கட்சிக்காரங்களுக்காக ஏதாவது சொல்றதுன்னா அதுக்குள்ள சொல்லிடுங்க."

"முதல்ல டாக்டர் சொல்லட்டும்," என்றார் இன்ஷிரா. "என் ஆளுக்கும் புரியற மாதிரி."

டாக்டர் வகுப்பறையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"கிரேக்கர்கள் ஆண்ட காலம். ஃபயூம்ல ஒரு விவசாயி போலீஸ் அதிகாரிக்கு எழுதின மனு இது. பக்கத்து வீட்டுக்காரன் தன் வாத்தைத் திருடிட்டான்னு புகார். ஓரத்துல பாருங்க, வாத்தை இடுக்கிக்கிட்டு ஓடுற திருடனோட படம். இப்படிப் படம் போட்ட மனு உலகத்துலேயே இது ஒண்ணுதான்."

"வாத்து கிடைச்சுதா டாக்டர்?" என்றான் ஷெஹாத்தா.

"கேஸ் நிலுவையில இருக்கு. நீ சும்மா இரு," என்றார் இன்ஷிரா.

டாக்டர் அதைக் கேட்காதது போல் தொடர்ந்தார். "அதாவது, அசல் அப்படி. இப்போ இங்க இருக்கறது போலி. ரெண்டு மூணு தாளை ஓரத்தோட ஓரம் ஒட்டித்தான் சுருள் செய்வாங்க. ஒட்டுற இடத்துல ஒரு சின்னப் படி இருக்கும். கிரேக்கம் இடமிருந்து வலமா எழுதறது. அதனால இடது தாள் மேல, வலது தாள் கீழ. பேனா படியிறங்கி வழுக்கிட்டுப் போகும். இதுல பாருங்க, தலைகீழ். வலது தாள் மேல இருக்கு. பேனா படியேறி முட்டியிருக்கு. மை தெறிச்சிருக்கு."

ஷெஹாத்தா குனிந்து பார்த்தான். இரண்டு ஒட்டிலும் மை சின்னச் சின்னப் புள்ளியாகச் சிதறியிருந்தது.

"வலது தாளை மேல வெச்சு ஒட்டறவன் யாரு? வலமிருந்து இடமா அரபு எழுதறவன். அதாவது இந்தக் காலத்துக் கை. டூரிஸ்ட் கடைச் சரக்கு. சுவடியைக் கடைசியா ரெண்டு வாரம் வெச்சிருந்தது இந்தம்மா. நான் ஞாயித்துக்கிழமை மங்கிப்போன பழைய கண்ணாடியை எடுத்துட்டுப் புதுசு போட்டப்பதான் ஒட்டே தெளிவாத் தெரிஞ்சுது. அசல் எங்கேன்னு அவங்கதான் சொல்லணும்."

"அசல் அதோ, உங்க மூக்குக்குக் கீழ இருக்கு," என்றார் விதாத். அழுது ஓய்ந்த குரல், ஆனால் நடுங்கவில்லை. "காலையிலேர்ந்து சொல்றேன். இது அதே சுவடி. ஒவ்வொரு நாரும் எனக்குத் தெரியும்."

"அப்போ ஒட்டு ஏன் தலைகீழா இருக்கு?" என்றார் ஜெனரல்.

விதாத் சுவடியை மறுபடி குனிந்து பார்த்தார். "தெரியல சார். சுவடி அதேதான். அது மட்டும் தெரியும்."

ஜெனரல் உதட்டைப் பிதுக்கினார். ஷெஹாத்தாவுக்கே பொறுக்கவில்லை. போலி என்று ஒப்புக்கொண்டு வேறு யாராவது மாற்றியிருப்பார்கள் என்றாவது சொல்லலாமே, இந்தம்மா தன் குழியைத் தானே தோண்டுகிறாரே என்று நினைத்தான்.

"வெளிநாட்டுக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாமே?" என்றார் இன்ஷிரா.

"முடிவு வர மாசக்கணக்கா ஆகும்," என்றார் ஜெனரல். "அதுவரைக்கும் இவங்க உள்ள இருப்பாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"இந்தக் குப்பையைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம் சார்," என்றார் டாக்டர் சாதாரணமாக. "போலி எப்படி இருக்கும்னு மாணவர்களுக்குக் காட்ட உதவும். இன்னிக்கே வகுப்புக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போங்க. இடமாவது மிச்சம்," என்றார் ஜெனரல்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். விதாத் நடுவில். அவருடைய விரல்கள் மடியில் சும்மா இருக்கத் தெரியாமல் சுவடி நாரைப் பிரிப்பது போல் சால்வை ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன.

"வக்கீலம்மா, நீங்களும் நம்பலையா?"

"நம்பறது என் தொழில் இல்ல. ஒட்டு ஏன் தலைகீழா இருக்குன்னு தெரியாம நான் உள்ள போய் என்ன பேசறது?"

அருகில் யாரோ விட்டுப்போன ஆங்கிலச் சுற்றுலாப் பத்திரிகை கிடந்தது. கை சும்மா இருக்காத ஷெஹாத்தா அதை எடுத்துப் புரட்டினான். "என்ன மேடம் இது, விளம்பரமா வருது! ஆரம்பிச்ச உடனே ஹோட்டல் விலைப்பட்டியல். அப்புறம் கதையோட கடைசி வரி. எழுதினவனுக்கு அறிவே இல்ல."

"கடைசிப் பக்கத்துலேர்ந்து பிரிச்சா அப்படித்தான் இருக்கும்."

"இதுதானே முதல் பக்... ஓ. இங்கிலீஷா? கைப்பழக்கம் மேடம். பிரமிடுல அவனுங்க மேப்பைக்கூட நான் இந்தப் பக்கத்துலேர்ந்துதான் பிரிப்பேன்."

இன்ஷிரா அவன் கையில் இருந்த பத்திரிகையையே பார்த்தார். பிறகு அதைப் பிடுங்கி, இரண்டு பக்கங்களைக் கிழித்தார்.

"மேடம், அது நூலகச் சொத்து!"

"வாயை மூடு. இங்க பாரு. இடது தாள் மேல, வலது தாள் கீழ. டாக்டர் சொன்ன மாதிரி ஒட்டின கிரேக்கச் சுருள். பட்டறையிலேர்ந்து எல்லாச் சுருளும் இப்படித்தான் வருதுன்னு வெச்சுக்கோ. இப்போ இதை அப்படியே தலைகீழாத் திருப்பு."

ஷெஹாத்தா திருப்பினான்.

"எது மேல இருக்கு?"

"வலது." அவன் மறுபடி திருப்பிப் பார்த்தான். "அட, ஆமா!"

"விதாத், நம்ம ஊர் பழைய எழுத்து எந்தப் பக்கத்துலேர்ந்து எழுதுவாங்க?"

"வலமிருந்து இடம்." விதாத்தின் விரல்கள் நின்றன. "அந்தச் சுவடி எல்லாத்துலயும் வலது தாள்தான் மேல இருக்கும். சுருளைத் திருப்பி வெச்சுக்கிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பாங்க. அல்லாவே! அவன் நம்ம ஊர்க்காரன்!"

"நம்ம ஊர்க்காரன்தான். ஆட்சி கிரேக்கன் கையில, அதனால மனுவைக் கிரேக்கத்துல எழுதியாகணும். ஆனா காலமெல்லாம் தன் எழுத்தையே எழுதின கை. சுருளை எடுத்ததும் பழக்கதோஷத்துல திருப்பி வெச்சுக்கிட்டான். எழுத எழுத ஒவ்வொரு ஒட்டுலயும் பேனா முட்டியிருக்கு, மை தெறிச்சிருக்கு. வாத்துக்காரன் வேற பக்கத்துல நின்னு அவசரப்படுத்தியிருப்பான். நம்ம ஷெஹாத்தா பத்திரிகை பிரிக்கிற மாதிரியே ஒரு ஆள்."

"ரெண்டாயிரம் வருஷமா எங்க ஆளுங்க மாறவே இல்ல போல," என்றான் ஷெஹாத்தா, கொஞ்சம் பெருமையாகவே. பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. "அப்போ அது அசல். மாத்தவே இல்ல. திருட்டே நடக்கல!"

"இன்னும் நடக்கல," என்றார் இன்ஷிரா. "இன்னும் கொஞ்ச நேரத்துல நடக்கப்போகுது. அசலை டாக்டராலகூட கேட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, பையைச் சோதிப்பாங்க. ஆனா போலின்னு முத்திரை குத்திட்டா? ஜெனரலே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாரு. பழி சுமக்க விதாத் இருக்காங்க. காணாமப் போன அசலைப் போலீஸ் இவங்க வீட்டுல தேடிட்டே இருக்கும்."

விதாத் எழுந்தே விட்டார். இன்ஷிரா அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பத்திரிகையைக் கிழிச்சுக் காட்டினா ஜெனரல் நம்ப மாட்டாரு. கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது வேணும். அந்தப் பழைய கண்ணாடியை ஏன் மாத்தினாரு? மங்கலா இருந்துதாமே?"

"எல்லாக் கண்ணாடியும் மங்கும்," என்றார் விதாத். "மண்ணுக்குள்ள கிடந்த காலத்துல பாப்பிரஸ் உப்பைக் குடிச்சிருக்கும். கண்ணாடிக்குள்ள வந்ததும் அதைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். உள்பக்கமா வெள்ளையாப் படிஞ்சு, சுவடியோட உருவம் அப்படியே நிழலா விழும். ஓட்டை, கிழிசல் எல்லாம் சேர்த்து. அந்தக் கண்ணாடிங்க என் தாத்தா காலத்துல போட்டது. இந்தச் சுவடியை அதுங்களோட பொருத்திப் பார்த்தாலே போதும், அதே சுவடின்னு தெரிஞ்சுடும். ஆனா டாக்டர் தூக்கிப் போட்டுட்டாரே!"

ஷெஹாத்தா மெதுவாக எழுந்தான். நாக்கு தானாகவே மேலண்ணத்தைத் துழாவியது.

"உப்பா?" என்றான். "வெறும் உப்பா? சாப்பாட்டு உப்பா?"

"பெரும்பாலும் அதேதான். ஏன்?"

அவன் பதில் சொல்ல நிற்கவில்லை. தாழ்வாரத்தில் ஓட்டமாக ஓடினான்.

டீ அறையில் பஸ்பூஸா தட்டின் மேல் மூடியிருந்தது ஒரு நல்ல தடிமனான கண்ணாடி. சூடான தட்டின் ஆவி பட்டு, உள்பக்கம் நீர் கோத்து, ஓரமாகச் சொட்டியிருந்தது. உப்பெல்லாம் கரைந்து கோடு கோடாக வழிந்திருந்தது. அதில் வாத்தும் இல்லை, திருடனும் இல்லை. மனு எழுதினவன் வரலாற்றை ஷெஹாத்தா தின்றே தீர்த்திருந்தான்.

"சாச்சா! இந்தக் கண்ணாடி எது?"

"டாக்டர் குடுத்தாரு. உடைச்சுத் தூள் தூளாக்கிப் போடுன்னாரு. நல்ல கண்ணாடியை யாராவது உடைப்பாங்களாடா? படிச்சவங்களுக்கு வீட்டுல சாமான் வாங்கின அனுபவமே கிடையாது."

"இன்னொண்ணு இருக்கணுமே! ஜோடியாத்தானே வரும்?"

"எள்ளு ரொட்டியை மூடியிருந்துச்சு. ஒரே வெள்ளை அழுக்கு. அதான் சோப்புப் போட்டு..."

பய்யூமியின் ஒரு கையில் நுரை பொங்கும் துணி. மற்றொரு கையில் கண்ணாடி. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது.

ஷெஹாத்தா பாய்ந்தான். சோப்பு நுரை அவன் முகத்தில் அப்பியது. கண்ணாடி அவன் நெஞ்சில் பத்திரமாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, காய்ந்த ரொட்டியின் புண்ணியத்தில் வெள்ளை நிழல் கலையாமல் நின்றது. நீளமான தாள், கீழ் ஓரத்தில் பல் போன்ற கிழிசல், நடுவே பூச்சி தின்ற மூன்று ஓட்டை.

"என் ரொட்டி காய்ஞ்சு போகும்டா!" என்றார் பய்யூமி.

"சாச்சா, உனக்கு அரசாங்கம் சிலை வைக்கும். இப்போ ஒரு காலி டீ கெட்டில் குடு."

கெட்டில் கேட்டது, அவன் பின்னாலேயே வந்து சேர்ந்த இன்ஷிராவின் யோசனை. கண்ணாடியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு ஷெஹாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வந்தால் யாராவது ஒருவர் அவமானப்பட வேண்டியிருக்கும், பெரும்பாலும் அது அவனாகவே இருக்கும்.

"முதல்லயே கண்ணாடியைக் காட்டினா, டாக்டர் 'அடடா, நான் தப்பாக் கணிச்சுட்டேன், ரொம்ப சந்தோஷம்'னு கைகுலுக்கிட்டுப் போயிடுவாரு," என்றார். "அவருக்கு உண்மை தெரியும்கறதைத்தான் முதல்ல காட்டணும். நீ என்ன செய்யணும்னா..."

அவர்கள் உள்ளே போனபோது போலீஸ் அதிகாரி வந்துவிட்டிருந்தார். டாக்டர் கிளம்புவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து எடுத்த சுவடி, மேஜையில் மெத்தென்ற ஒற்றுத்தாளின் மேல் திறந்து கிடந்தது. போர்த்துவதற்கு மற்றொரு ஒற்றுத்தாள், இருபுறமும் வைக்க அட்டை, கட்டுவதற்குப் பருத்தி நாடா எல்லாம் ஒழுங்காக வரிசையில் இருந்தன.

"குப்பையை ரொம்ப அழகாக் கட்டறீங்க டாக்டர்," என்றார் இன்ஷிரா.

"பழக்கம்."

"இருக்கட்டும். எல்லாரும் டீ குடிச்சுட்டுப் போகலாம். ஷெஹாத்தா!"

ஷெஹாத்தா கெட்டிலோடு வந்தான். மேஜைக்கு ஓர் அடி முன்னால் அவன் கால் எதிலோ தடுக்கியது. எதுவும் இல்லாத இடத்தில் அவ்வளவு இயல்பாகத் தடுக்கி விழுவது ஒரு கலை. "யா அல்லா!" என்று அலறிக்கொண்டு கெட்டிலைச் சுவடியின் மேல் நேராகக் கவிழ்த்தான்.

ஜெனரல் தன் கால்சட்டையைக் காப்பாற்றப் பின்னால் குதித்தார். போலீஸ் அதிகாரி தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் மட்டும் முன்னால் பாய்ந்தார்கள். ஒருவர் விதாத். அவருக்கு முன்பே, மேஜை மேல் குப்புற விழுந்து, இரண்டு முழங்கையையும் பரப்பிச் சுவடிக்குக் கூரை போட்டவர் டாக்டர் ஃபாயிக் ஸப்ரி.

கெட்டிலிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

இன்ஷிரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஜெனரல் சார், இது அசல்னு இந்த அறையில ரெண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தங்க காலையிலேர்ந்து தொண்டை வத்தக் கத்திட்டு இருக்காங்க. இன்னொருத்தர், கொதிக்கிற டீயை முதுகுல வாங்கவும் தயாராகி, இப்பத்தான் வாக்குமூலம் குடுத்தாரு. டூரிஸ்ட் கடைச் சரக்குக்கு யாரும் முதுகு குடுக்க மாட்டாங்க."

"இது... இது ஒரு அனிச்சை..." என்றார் டாக்டர், படுத்த வாக்கிலேயே. முதல் முறையாக அவர் கண்ணுக்கு வகுப்பறை தட்டுப்படவில்லை.

"அப்படியா? உடைச்சுத் தூளாக்கச் சொன்னீங்களே, அதுவும் அனிச்சையா?"

ஷெஹாத்தா பின்னால் மறைத்து வைத்திருந்த கண்ணாடியை நீட்டினான். இன்ஷிரா அதை டாக்டரின் தலைக்கு மேல் பிடித்து ஜெனரலுக்குக் காட்டினார். வெள்ளை நிழலில் பல் போன்ற கிழிசல். டாக்டரின் முழங்கைக்குக் கீழே எட்டிப்பார்த்த சுவடியிலும் அதே கிழிசல். பூச்சி தின்ற ஓட்டை மூன்றும் மூன்று இடத்திலும் சரியாக வந்து நின்றன. ஒட்டு தலைகீழாக ஆன கதையை இன்ஷிரா பத்திரிகைத் தாளை வைத்து விளக்கியபோது ஜெனரல் இரண்டு தரம் தானே திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நூலகத்தில் ஏதோ புரிந்த மாதிரி அவர் முகம் ஆனது.

"வெளிநாட்டுல யாரு வாங்கறதா இருந்துச்சு டாக்டர்?" என்றார் போலீஸ் அதிகாரி, விலங்கை எடுத்துக்கொண்டே. "பரவாயில்ல, அங்க போய்ப் பேசுவோம். எந்திரிங்க."

"யாரும் அவரைத் தொடாதீங்க!"

விதாத்தின் குரல். அதிகாரியே கையை எடுத்துவிட்டார். விதாத் மேஜையில் கன்னம் படும்படி குனிந்து, டாக்டரின் கைப்பட்டை ஓரத்தைப் பார்த்தார்.

"பொத்தான்ல ஒரு நார் மாட்டியிருக்கு. இழுத்தா திருடனோட காலு கிழிஞ்சு வந்துடும். அசையாதீங்க டாக்டர்." பிறகு நிமிராமலே, "வக்கீலம்மா, உங்க கெட்டில் வித்தையைப் பத்தி அப்புறம் உங்களோட தனியாப் பேசணும்," என்றார்.

இன்ஷிரா மேடம் தலை குனிந்ததை ஷெஹாத்தா அன்றுதான் பார்த்தான். அதற்காகவே விதாத்தை அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது.

விதாத் தன் இடுக்கியை எடுத்தார். சின்னத் துண்டு ஒற்றுத்தாளை நனைத்துப் பிழிந்து, நாரின் பக்கத்தில், அதைத் தொடாமல் வைத்தார். ஈரம் ஏறி நார் இளக வேண்டும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேஸ் போட்டு அவரைக் கைது பண்ணணும்னா சீக்கிரம் பண்ணலாமே," என்றார் ஜெனரல் பொறுமை இழந்து. "சட்டைக் கையைக் கத்தரிச்சு விடும்மா."

"கத்தரி அதிர்ந்தா நார் உடையும் சார்."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் போலீஸ் அதிகாரி.

டாக்டர் மேஜை மேல் வளைந்து கிடந்தார். மூக்கு நுனிக்கு நேர் கீழே, வாத்தை இடுக்கிக்கொண்டு ஓடும் திருடன். வியர்வை சொட்டிவிடுமோ என்று பயந்து கண்ணை இறுக்கிக்கொண்டார்.

"விதாத்," என்றார் மெல்ல, "முதுகு வலிக்குதும்மா. நீ நினைச்சா சீக்கிரம் முடிக்கலாம்."

விதாத் இடுக்கியின் நுனியை ஊதினார். காலையிலிருந்து யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இப்போது அறையில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிக்கலாம் டாக்டர்," என்றார். "குப்பையா இருந்தா."